கிணறு ஜெயித்த தேர்தல்

நாம் சொல்வதை ஒருவரும் நம்பாவிட்டால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. எல்லோரும் நம்பிவிட்டால்தான் ஆபத்து. என் இருபத்திரண்டாவது வயதில் ஓர் ஊர் முழுவதும் என்னை நம்பியது. அதிலிருந்து நான் இன்னும் முழுதாக மீண்டபாடில்லை.

அப்போது அன்னவாசலுக்கு மேற்கே ஒரு சிற்றூரில், ஓராசிரியர் பள்ளியின் அந்த ஓராசிரியர் நான். (ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையைச் சொன்னால் அங்கே சிலருக்கு இன்னும் முகம் மாறிவிடும்.) ராஜா காலம் முடிந்து, புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, முதல் பொதுத் தேர்தல் வரப்போகிற சமயம். ஓட்டு என்றால் என்ன, அதை எப்படிப் போடுவது என்று ஜனங்களுக்குச் சொல்லித் தரும் வேலை எங்களைப் போன்ற வாத்தியார்கள் தலையில் விழுந்தது.

புதுக்கோட்டையில் எங்களையெல்லாம் கூட்டி வைத்து ஓர் அதிகாரி விளக்கினார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி இருக்கும். பெட்டியின்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட வேண்டும். இதை ஊரில் ஒருமுறை மாதிரியாக நடத்திக் காட்டச் சொன்னார்.

"நெசமான கட்சிச் சின்னம் எதையும் ஒட்டிடாதீங்க. வம்பு வரும். மா, பலா, வாழைன்னு மூணு பழத்தை வரைஞ்சு ஒட்டினாப் போதும்" என்றார்.

மற்ற வாத்தியார்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். பழத்துக்கு ஓட்டுப் போட எவன் வருவான்? கற்பவனின் தேவையிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் படித்தது வேறு மண்டைக்குள் கிடந்து குடைந்தது. இறங்குமுன் முடிவு செய்துவிட்டேன். மண்ணெண்ணெய் டின்கள் மூன்றை வாங்கி, மேலே துளை வெட்டி, மூன்று படங்கள் வரைந்து ஒட்டினேன். ஒன்றில் கிணறு, ஒன்றில் ரோடு, ஒன்றில் ஓட்டுக்கூரை போட்ட பள்ளிக்கூடம். மூன்றுமே அந்த ஊரில் கிடையாது. பள்ளிக்கூடம் என்று நான் சொல்லிக்கொண்டது ஒரு கீற்றுக்கொட்டகை. குடிதண்ணீருக்கு இருந்தது ஓர் ஊருணி. அது மாசியிலேயே வற்றிவிடும். அப்புறம் பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடம் எடுத்துப் போய், அங்கே ஏச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுத்து வருவார்கள்.

படத்தைப் பார்த்த அம்பலகாரர் (ஊருக்குப் பெரியவர் அவர்தான்) நடு டின்னைக் காட்டி, "பாம்புக்கு எதுக்கு வாத்தியாரே ஓட்டு?" என்றார். அது ரோடு என்று விளக்கினேன்.

தவறு படத்தில் மட்டுமில்லை, வாயிலும் இருந்தது. கொட்டகைக்கு முன்னால் ஊரைக் கூட்டி நான் செய்த பிரசங்கம் எனக்கு இன்றும் வரிக்கு வரி மனப்பாடம். மறந்துவிடத்தான் பார்க்கிறேன். "இனிமே ராஜாவும் கிடையாது, திவானும் கிடையாது. நீங்கதான் ராஜா. நீங்க எதுல சீட்டைப் போடுறீங்களோ அதுதான் நடக்கும்" என்றேன். கடைசியில், பெயரையும் சுத்தமான தமிழில் சொன்னேன்: "இதுக்குப் பேரு மாதிரித் தேர்தல்."

அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு மாதிரி என்றால் என்ன என்று தெரியும். சர்க்கார் நடத்தும் ஒசத்தியான பண்ணைக்குப் பெயர் மாதிரிப் பண்ணை. ஒசத்தியான பள்ளிக்கூடம் மாதிரிப் பள்ளி. ஆகவே மாதிரித் தேர்தல் என்பது தேர்தல்களிலேயே ஒசத்தியான தேர்தல் என்று ஊர் எடுத்துக்கொண்டது. வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

அடுத்த வாரம் முழுவதும் பிரசாரம் நடந்தது. வண்டி மாடு வைத்திருந்தவர்கள் ரோட்டுக் கட்சி. பெண்கள் அத்தனை பேரும் கிணற்றுக் கட்சி. வெள்ளையம்மா என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், வீடு வீடாகப் போய், "ரோடு போட்டா அதுல குடத்தைத் தூக்கிக்கிட்டு சொகமா நடக்கலாம், அம்புட்டுத்தான். தண்ணி வேணும்னா கெணத்துல போடுங்க" என்று பேசினாள். நான் ஒட்டுக் கேட்டு மகிழ்ந்தேன். ஜனநாயகம் என் கையால் முளைவிடுகிறது என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. பள்ளிக்கூடத்து நீல மையைத் தொட்டு ஒவ்வொருவர் விரலிலும் வைத்தேன். கொஞ்சநஞ்சமல்ல, ஊரே வந்தது. எல்லோர் முன்னிலையிலும் டின்களைக் கவிழ்த்து எண்ணினோம். கிணறு அமோகமாக ஜெயித்தது. ரோடு இரண்டாவது. பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓர் ஓட்டு. (அது நான் போட்டது.) பெண்கள் குலவையிட்டு, கிணற்று டின்னுக்கு மாலை போட்டு, கோயில்வரை தூக்கிக்கொண்டு போனார்கள். "மாதிரித் தேர்தல் மகத்தான வெற்றி" என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் ஊரில் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தேன். ஒன்றுகூட மூளைக்குப் போகவில்லை. நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்து, கோயிலுக்கு வடக்கே ஓர் இடம் குறித்து, புதரெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பொங்கல் வருகிறது, சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அம்பலகாரர் ஒருநாள் கேட்டார்.

"எப்ப வாராங்களாம் வாத்தியாரே?"

"தேதி குறிச்சாச்சுங்க. ஆபீசருங்க சாமானோட வண்டியில வருவாங்க. காவலுக்குப் போலீசும் வரும்."

"போலீசு எதுக்கு?"

"பெட்டியெல்லாம் பத்திரமா இருக்கணும்ல."

அம்பலகாரர் மரியாதையோடு தலையாட்டினார். அந்தப் பக்கம் பூமிக்குக் கீழே பாறை. வெடிவைக்காமல் கிணறு இறங்காது. பெட்டி என்றதும் அவருக்குத் தோன்றியது வெடிமருந்துப் பெட்டி என்பதை நான் எங்கே கண்டேன்.

தேர்தலன்று விடிந்ததும் வண்டி வந்தது. ஓட்டுச்சாவடித் தலைமை அதிகாரி புதுக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். கண்ணாடியும் கோட்டுமாக, எப்போதும் வயிற்றுவலி உள்ளவர்போல் இருப்பார். என் கொட்டகைதான் சாவடி. ஓட்டுப்போட வருகிறவர்களை அடையாளம் காட்ட என்னையும் உடன் இருக்கச் சொல்லியிருந்தார்கள். இரும்புப் பெட்டிகளை இறக்கியதும் ஊரே நாலடி பின்வாங்கியது.

"பாத்து, பாத்து. புள்ளைகளை அங்கிட்டுக் கூட்டிப் போங்க. வெடிச்சிரப் போவுது" என்றார் அம்பலகாரர்.

தலைமை அதிகாரி பெட்டியை விட்டு ஒரே தாவாகத் தள்ளி நின்றார். "என்னய்யா வெடிக்கும்? யாரு வெடி வச்சிருக்கா?" என்று போலீஸ்காரரைத் தேடினார். போலீஸ்காரர் ஏற்கெனவே மரத்துக்குப் பின்னால் இருந்தார்.

ஒருவழியாக அது தெளிந்தது. ஓட்டுப்பதிவு தொடங்கியதாக அறிவித்தோம். ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறியது. கொட்டகைக்குள் நாங்களும் காலிப் பெட்டிகளும்தான் இருந்தோம். தலைமை அதிகாரி வெளியே போய் அம்பலகாரரைக் கூப்பிட்டார்.

"ஏன் யாரும் வரல?"

"நாங்கதான் போட்டாச்சே."

"எப்பப் போட்டீங்க?"

"வாத்தியாரு முன்னாடிதான். மை வச்சுவிட்டாரு. கெணறு ஜெயிச்சிருச்சு. மொதல்ல அதை வெட்டுங்க. அடுத்த ஓட்டுக்குப் பொறகு வாங்க."

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கெணறு எந்தக் கட்சி?" என்றார்.

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் ஒரு ஓட்டும் விழலைன்னா மேல எழுதணும். எழுதினா ஒன் பேரைத்தான் எழுதணும். போயி சொல்லிட்டு வா" என்றார்.

கோயிலுக்கு வடக்கே, வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேங்காயும் சூடமும் தயாராக இருந்தன. பாதிப் பேர் பக்கத்தில் புதுக்குடம். நான் போய் நின்றதும் எழுந்து வழிவிட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு நடந்தது பழகிப் பார்ப்பதற்காக நடத்திய தேர்தல், மாதிரி என்றால் அவ்வளவுதான், அதனால் கிணறு வராது, நிஜமான தேர்தல் இன்றைக்குத்தான் என்று சொன்னேன். பிரசங்கம் செய்த அதே வாய்தான். குரல்தான் எனக்கே கேட்கவில்லை.

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒருத்தி குனிந்து தேங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளையம்மாதான் பேசினாள்.

"எங்களுக்கு என்ன வேணும்னு வெளையாட்டுக்குக் கேட்டீங்களா வாத்தியாரய்யா?"

"வெளையாட்டு இல்லம்மா. சொல்லிக் குடுக்கத்தான் கேட்டேன்."

"அதுக்குக் கெணத்தையா வரையணும்? பூவு, பழம்னு எதையாச்சும் வரஞ்சிருக்கலாமே."

அதிகாரி சொன்ன அதே மூன்று பழங்கள் கண்முன்னே வந்து நின்றன.

அம்பலகாரரும் வந்து சேர்ந்தார். "இன்னைக்குப் பெட்டியில இருக்கிறவங்கள்ல எவரு கெணறு வெட்டுவாரு?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. சர்க்கார் வேலையில இருக்கேன்."

"அன்னைக்கு அம்புட்டும் சொன்னீங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

வெள்ளையம்மா யோசித்தாள். "ஜெயிக்கிறது படமா, ஆளா?"

"ஆளுதான்."

"ஆளுன்னா நேருல போயிக் கேக்கலாம்ல?"

"கேக்கலாம். ஓட்டுப் போட்ட ஒங்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு."

"கேக்கப் போறப்ப நீங்க கூட வருவீங்களா?"

"வருவேன்."

"நெசமா வருவீங்களா, மாதிரியா வருவீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெசமா வருவேன் என்றேன். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வரிசை வந்தது. அன்றைக்கு டின்னுக்கு முன்னால் இருந்த கும்மாளம் இல்லை. வெள்ளையம்மா சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. தலைமை அதிகாரி இருமிப் பார்த்தார். கடைசியில் வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஒவ்வொரு பெட்டியாப் பாத்தேன். எதுலயும் கெணறு இல்ல."

தலைமை அதிகாரி அதைக் காதில் வாங்காதவர்போல மைப்புட்டியை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

எனக்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை. அங்கீகாரமின்றிக் கிணறு, ரோடு, பள்ளிக்கூடம் ஆகியவற்றை வேட்பாளர்களாக நிறுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு தாக்கீது வந்தது. என்ன பதில் எழுதினேன் என்பதை விட்டுவிடுகிறேன். மேலே யாரோ சிரித்துவிட்டதால் வேலை தப்பியது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பெரிய தண்டனை வெள்ளையம்மாதான். ஜெயித்தவரைப் பார்க்க அவளையும் அம்பலகாரரையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஜெயித்தவர் ஓர் ஆபீசைக் காட்டினார். அந்த ஆபீஸ் இன்னோர் ஆபீசைக் காட்டியது. லீவு நாளெல்லாம் எனக்கு ஆபீஸ் வராந்தாவில் கழிந்தது. வாத்தியார் போராட்டமா நடத்துகிறீர் என்று ஒரு குமாஸ்தா கேட்டார். அதைவிடக் கஷ்டம் ஒன்று இருந்தது. திரும்பி வந்ததும் கொட்டகைக்கு முன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். "அங்க அவுக என்ன சொன்னாக, அதை இங்க அப்படியே சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம" என்பாள். நானும் சொல்வேன். அடுத்த தடவை போகும்போது, போன தடவை அதிகாரி சொன்ன வார்த்தையை அவரிடமே திருப்பிச் சொல்ல ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த அதிகாரிக்கும் அது பிடிக்கவில்லை.

அடுத்த பொதுத் தேர்தல் வருவதற்கு முந்தைய கோடையில் கிணறு வந்தது. நீரோட்டக்காரர் குறித்த இடத்தில் வெறும் பாறை. ஊருக்குத் தெற்கே வெட்டினார்கள். தண்ணீர் லேசாகத் துவர்த்தது. ஊரில் அதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் கிணற்றுக்கு முன்பே கதை ஊர் தாண்டிவிட்டது. எந்த வழியாகப் போயிற்றோ, ஆவூர்ப் பக்கம்வரை போய்விட்டது. அங்கேதான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெரியவர்களோடு போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. எல்லோரும் மழையைப்பற்றிப் பேசினார்கள். பெண்ணின் தகப்பனார் அதிகம் பேசாத மனிதர். என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், மிகவும் அடக்கமாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒண்ணு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுக்கிறேன். இது நெசமாவே பொண்ணு பாக்குறதா, இல்ல மாதிரியா?"

கூடம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது. எனக்குக் காப்பி புரையேறியது. அந்த நேரம் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து, அடக்க முடியாமல், ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அவள் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அப்படியும், நெசமாத்தான் என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. நான் என்ன சொன்னாலும், மாவு அரைத்து வருகிறேன் என்றாலும்கூட, அவள் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். பாதி நாள் மாவு வந்துவிடுகிறது.