பிரெஞ்சுத் துப்பாக்கியில் ஒரு டம்ளர் கறை

மாமனார் வீட்டில் புதுமாப்பிள்ளை செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஹைதராபாத்தில் ஹைடெக் சிட்டி பாதி கட்டிடமும் பாதி பள்ளமுமாக இருந்த காலம். அங்கே நான் மென்பொருள் சோதிப்பவன். அதாவது, பிறர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன். மாமனார் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து, சைனிக்புரியில் வீடு கட்டிக் குடியேறிய காரைக்கால்காரர். அந்த வருஷ மழைக்கு மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்தது. ஹாலில் இரண்டு வாளி, பூஜை அறையில் ஒரு குண்டான். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என் மனைவி சொன்னாள்.

"பொண்ணு காசுல மாடி பூசுற நெலம எனக்கு இன்னும் வரல" என்றுவிட்டார். அதற்குப் பதிலாகத் தன் அப்பாவின் துப்பாக்கியை விற்பதாக முடிவுசெய்தார்.

அவர் அப்பா பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'. (ஊர்ப்பக்கம் பிரெஞ்சுச் சிப்பாயை அப்படித்தான் சொல்வார்கள். நான் வெகுநாள் அதை அவர் பெயர் என்றே நினைத்திருந்தேன்.) அவரோடு எப்படியோ வீடு வந்து சேர்ந்த துப்பாக்கி அது. இப்போது அது சுடாது; சுடாது என்பதற்கு அரசாங்கக் காகிதமும் இருந்தது. இணையத்தில் துழாவி, பழைய ஆயுதம் சேகரிக்கும் இருவரைப் பிடித்தது நான்தான். மாமா முதன்முறையாக என்னை ஓர் ஆளாகப் பார்த்தார்.

"அவங்க ஞாயித்துக்கெழம வர்ற வரைக்கும் இது ஒங்க பொறுப்பு மாப்ள."

பொறுப்பு என்ற வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. சனிக்கிழமை அவர் சாமான் வாங்கப் பட்டாளத்துக் கேண்டீனுக்குப் போயிருந்தபோது துடைக்க எடுத்தேன். கட்டையில், தோளில் வைக்கும் பக்கம், வட்டமாக ஒரு கறை. எந்த அறிவுகெட்டவனோ சூடான டீ டம்ளரை வைத்திருக்கிறான்! வட்டத்துக்குள் மங்கலாக எழுத்துகளும் தெரிந்தன. எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டுவோமே, அது பதிந்திருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். இரண்டு மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே வார்னிஷ்.

"அடேயப்பா, புதுசாட்டம் இருக்கே!" என்றார் அத்தை. என் மாமியார்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பழைய நகரத்திலிருந்து ஒரு நவாப் சாப் வந்தார். செகந்திராபாத்திலிருந்து ஒரு பல் டாக்டர். டாக்டர் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். 'ஆ காட்டு' என்று சொல்லாததுதான் பாக்கி. திருப்தியாகத் தலையாட்டினார். நவாப் கட்டையைத் தடவினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி தடவினார்.

இந்த இடத்தில் வட்டமாக ஒரு முத்திரை இருக்க வேண்டுமே என்று இந்தியில் கேட்டார். செய்த தொழிற்சாலை, வருஷம் எல்லாம் அதில்தான் இருக்குமாம். அசலுக்கு அதுதான் அத்தாட்சியாம்.

"அந்தக் கறையா சாப்? நான்தான் எடுத்தேன்" என்றேன், பெருமையாகத்தான்.

"கைக்கு?" என்றார் நவாப். (ஹைதராபாத்தில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.)

மாமா தயங்கித் தயங்கி, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"நக்கோ சாப்" என்றார் நவாப். வேண்டாம். அதைக் கேட்டு டாக்டரும் டார்ச்சைப் பையில் போட்டார். இருவரும் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மாமா துப்பாக்கியை மடியில் வைத்து, வழவழவென்றிருந்த அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு சண்ட பாத்த துப்பாக்கி மாப்ள இது. எதிரியால ஒரு கீறல் போட முடியல." பெருமூச்சு விட்டார். "ஆள நம்ம வூட்டுக்குள்ளயே வெச்சிருந்துருக்கோம்."

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு மாமாவும் சிரித்துவிட்டார்.

அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "மாடியை நான் பூசித் தர்றேன் மாமா. உதவியா இல்ல. அபராதமா."

கொஞ்சம் யோசித்தார். "அபராதம்னா சரி. பட்டாளத்துலயும் சாமான ஒடச்சவன் சம்பளத்துலதான் புடிப்பாங்க."

மகள் காசைத் தொடமாட்டேன் என்றவர், துளிக் கூச்சமில்லாமல் என் காசை வாங்கிக்கொண்டார். ஒழுகல் நின்றது. துப்பாக்கி இன்றும் அவர் ஹாலில், காய்ந்த சுவரில் தொங்குகிறது. எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வீட்டில் நான் டீ டம்ளரைக் கீழே வைக்க முடியாது.

"கையிலயே வெச்சுக்குங்க மாப்ள" என்பார் அத்தை. "டேபிள்ல வட்டம் விழுந்தா, அது டீயா பிரெஞ்சு முத்திரையான்னு பாக்க நவாப்பத்தான் கூப்புடணும்."