ஓட்டை அண்ணையும் புதுப்பானையும்

லண்டன் மாநகரில் ஓட்டை இல்லாத பாத்திரம் ஒன்றை ஓட்டை அண்ணையின் கண்ணெதிரே ஒரு நாள் முழுக்க வைத்திருந்து வென்றவன் எவனும் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில், வால்தம்ஸ்டோவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறையில் அவர் இருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் ட்ரில்லும் கையும்தான். வீட்டில் கழித்துவிட்ட எந்தச் சாமானும் குப்பைக்குப் போகாது. அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, கன்று நட்டுவிடுவார். கேத்தலில் புதினா, காலில் தேய்ந்த சப்பாத்தில் மிளகாய், உடைந்த கக்கூஸ் கொமட்டில் பூசணி. நான் கடைசியாக எண்ணியபோது பின்வளவில் நாற்பத்திரண்டு. எலி வருமோ, கவுன்சில் வருமோ என்று எனக்கு நித்திரையில்லை.

ஒருநாள் யாரோ எறிந்த வாஷிங் மெஷினின் உருளையை வீதியால் உருட்டிக்கொண்டு வந்தார். அதன் உடம்பெல்லாம் துளை. தடவிப் பார்த்துக் கண்கலங்கினார்.

"தம்பி, இவன் பிறக்கேக்கையே ஓட்டையோட பிறந்த மகாராசன்!"

அந்தக் கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து என் மனைவி வரவிருந்தாள். ஐந்து வருடப் பிரிவு. அவளுக்காக மூன்று அலுமினியப் பானைகள் வாங்கி, கழுவி, பின்படியில் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால், பெரிய பானையின் அடியில் பதினொரு ஓட்டை.

"அண்ணை, இது புதுசு!"

"வெளியில கிடந்ததே தம்பி."

"பதினொண்டு எதுக்கு?"

"இங்கத்தை மழைக்கு ரெண்டு காணாது."

"நாளைக்கு மனுசி வாறா. நீங்கள் வேற இடம் பாருங்கோ."

அவர் ட்ரில்லின் வயரைச் சுற்றி வைத்தார். பிறகு மெல்ல, "நான் போறன். பூசணி பிஞ்சு விட்டிருக்கு. கொமட்டோட தூக்க ஏலாது. தண்ணியை மட்டும் விடுங்கோ" என்றார்.

மறுநாள் மனைவியோடு வாசலுக்கு வந்தபோது, சூட்கேசோடும் கேத்தல் புதினாவோடும் அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிக் குசினிக்குள் போனாள். அங்கிருந்த ஓட்டைப் பானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, பிட்டு அவிக்கிற பானை இஞ்சையும் விக்கிறாங்களோ?"

"விக்கேல்லை. இப்ப படியிறங்கின அண்ணைதான் ஓட்டை போட்டவர்" என்றேன். அவள் பானையோடு வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, எங்க போறியள்? இன்னும் நாலைஞ்சு ஓட்டை, சின்னனாப் போட்டுத் தாங்கோ. தேங்காயும் மாவும் கொண்டந்திருக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன். ட்ரில் சத்தம் கேட்டது.

நடுப்பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் ஓட்டைப் பானையை இருத்தி, துணி விரித்து அவள் அவித்த பிட்டை அவர் தலை நிமிராமல் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நாலாம் தரம் நானே போட்டேன். பிறகு வாசலில் கிடந்த அவருடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தேன்.