ஐந்து கிலோ கல்லும் மாப்பிள்ளையின் மார்க்கும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நானும் நலம் என்று பதிலுக்கு எழுதுவதுதான் முறை. ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால் தங்கள் மகனுக்கு ஒரு மார்க் கூடிவிடும். ஆகவே என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு தகவலும் கிடையாது என்று தெரிவித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வருடத் தொடக்கத்தில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். வந்த நோயாளி எவ்வளவு தேறினானோ அந்த அளவுக்குத்தான் டாக்டருக்குச் சம்பளம். மாதம் பிறந்தால் வாசலில் ஒரு பலகையில் டாக்டர்களின் பெயரை மார்க் வரிசையில் எழுதிப் போடுகிறார்கள். மூன்று மாதம் கடைசியில் வந்தவருக்கு, ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய கிளைக்கு மாற்றல். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியவில்லை! எலும்பு டாக்டர் மறுநாளே அறுபது தாண்டியவர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். என் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இது தேறாது சார், அடுத்த ரூமுக்குப் போங்க" என்றார். காது டாக்டர் நோயாளியின் காதருகே குனிந்து, "கேக்குதா?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்திவிட்டு, "முன்னேற்றம்" என்று எழுதிக்கொள்கிறார். இப்படி எல்லோரும் தள்ளிவிட்ட முட்டி, மூச்சிரைப்பு, சர்க்கரை அத்தனை பேரையும் இழுத்துப் போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர். அவர்தான் தாங்கள் பெற்ற பிள்ளை. அந்தத் தேறாத கூட்டத்தில் நானும் ஒருவன்.

அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. மாமனாரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது மரியாதை. "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை சாப்பிட்டீங்க, யார் பார்த்தது?" என்று கேட்பது போலீஸ் விசாரணை அல்லவா? நர்ஸம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்து, அலமாரியில் அகராதிக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்தாள். காட்டிக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தங்கள் மருமகள்தான். பெற்ற மகள்! காலையில் நடக்கப் போனால் நர்ஸம்மா பின்னாலேயே வந்து, நான் ஒரு பெஞ்சைப் பார்த்தாலே "எந்திரிங்க ஐயா" என்கிறாள், உட்காரும் முன்பே. ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில், "கோபப்படாம பத்து நிமிஷம் உக்காருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்துக் கோபப்படாதே என்று சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா, தாங்களே சொல்லுங்கள். இதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பு முகத்தில் வந்து அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் திரை இப்போது ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. இந்த வீட்டில் என் மனம் அறிந்து நடப்பது அது ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டும். இத்தனை தேறாத கேஸ்களை வைத்துக்கொண்டும் மாப்பிள்ளையின் பெயர் பலகையில் இரண்டாவதாக வந்தது. எனக்கு அப்போதே பொறி தட்டியது. அந்த வாரம் என்னை நிறுத்தார்கள். ஒரு கிலோ குறைந்திருக்கிறதாம்! பிஸ்கட் டப்பா போன பிறகு நான் பேக்கரிக்கே நேரில் போய்க்கொண்டிருந்தது எனக்கல்லவா தெரியும்? எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டேன். முதலில் எடைக்கல்லைத் தலைகீழாகத் திருப்பி, அடிக்குழியில் எடையைச் சரிக்கட்ட அடைத்த ஈயமும் அதன்மேல் முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பேன். என்னையே ஒருவர் ஏமாற்றுவதா? ஓய்வு பெற்றபோது சகாக்கள் நினைவாகத் தந்த ஐந்து கிலோ கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் காவலாளி, "பையில என்ன சார்?" என்றான். "நியாயம்" என்றேன். கல்லை எடை மெஷினில் வைத்தேன். நாலு கிலோ எண்ணூற்றைம்பது என்று காட்டியது.

சம்பந்தி, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். "மெஷின் புதுசு மாமா" என்றார், "கல்லு சரியா இருக்குமா?" என்றார். "யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?" என்றேன். ஒரு நிமிடம் கல்லையும் என்னையும் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மாத்திடுங்க" என்று ஒதுங்கி நின்றார். மடியில் கனம் இல்லாதவர் வாதாடியிருக்க மாட்டாரா? குடும்ப மானம் கருதி நான் வாயைத் திறக்கவில்லை. மெஷினின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி, கல்லை மேலே வைத்து, "இதுதான் ஐந்து கிலோ" என்று அதற்குப் புத்தி சொல்லி, மூடியின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு எனக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? மறுநாளே எல்லோருக்கும் எடை கூடிவிட்டது. இரண்டு மாதமாகச் சர்க்கரையைத் தொடாத மாடிவீட்டு டீச்சர் இரண்டு கிலோ ஏறியிருப்பதைப் பார்த்து மெஷின் மேலேயே நின்று அழுதாராம்; பிறகு நேராகப் பேக்கரிக்கு வந்தார். நானே பார்த்தேன். பட்டினி கிடந்த தையற்காரர், "போங்கய்யா நீங்களும் உங்க டயட்டும்" என்று சீட்டைக் கிழித்து எறிந்தார். மாப்பிள்ளை இரண்டு மாதமாகப் பலகையில் கடைசி. வரும் திங்கட்கிழமை மூன்றாவது பலகை. மகள் பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. பேசவில்லை என்றால் போகட்டும், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். ரயிலில் இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டால் அவள் பேசவில்லை என்பதே எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே தகப்பனார் என்ற முறையில் தாங்கள் மகனுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பொய்யான மெஷினை வைத்து மார்க் வாங்கியதை ஆஸ்பத்திரிக் கமிட்டியிடம் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மாற்றலை ரத்து செய்துகொள்ளச் சொல்லுங்கள். கூடவே இந்தக் கேடுகெட்ட திட்டத்தையும் குப்பையில் போடச் சொல்லுங்கள். வளர்ப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சொல்லாமல் இருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் வீட்டில் எல்லா நலமும் பெருகட்டும். அதற்காவது யாருக்கும் மார்க் கிடையாது.

இப்படிக்கு,
நேர்மை தவறாத தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்ததும், மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க அந்தக் கல்லைத் தூக்கி வைத்தேன். தூக்கியபோது விரல் ஒரு குழிக்குள் போயிற்று. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஈயம் இல்லை, முத்திரை இல்லை. வெறும் பொந்து. "இதுல இருந்த ஈயம் எங்கடி?" என்று என் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். "அதுவா? நாலு மாசம் முன்னாடியே கழண்டு விழுந்துச்சு. ஜன்னல் திரை பறக்குதுன்னு அதோட மடிப்புக்குள்ள வச்சுத் தச்சுட்டேன். ரிட்டயர் ஆனவருக்குக் கல்லு எதுக்கு, யாரை நிறுக்கப் போறீங்க?" என்றாள் தங்கள் சம்பந்தி அம்மாள்.

திரையின் மடிப்பைப் பிரித்து ஈயத்தை எடுத்து, தபால் நிலையத் தராசில் போட்டுப் பார்த்தேன். நூற்றைம்பது கிராம். மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது. முப்பத்தொரு வருடமாக ஊரார் கல்லையெல்லாம் திருப்பிப் பார்த்தவன் என் கல்லைத் திருப்பவில்லை. மாப்பிள்ளை வாதாடாமல் ஒதுங்கி நின்றது குற்றத்தால் அல்ல. என் வார்த்தையை நம்பியதால். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. தப்பாக முத்திரை குத்தியவன் எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகத் தங்களிடம் இருக்கட்டும். திங்கட்கிழமைக்குள் மெஷினைத் திருத்தியாக வேண்டும். கல்லையும் ஈயத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கமிட்டி முன்னால் நிற்க இப்போதே கிளம்புகிறேன். காவலாளி கேட்டால் இன்றைக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. மாப்பிள்ளை இன்று என் ரத்த அழுத்தத்தை மட்டும் பார்க்க வேண்டாம்.

மற்றபடி, அந்த ஒரு கிலோ நிஜமாகவே குறைந்திருக்கிறது. மூச்சிரைப்பு இல்லை. நேற்று மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். நான் நலம், சம்பந்தி. எழுதிவிட்டேன், மகனிடம் காட்டிக்கொள்ளுங்கள்.