இரும்பில் செய்த இணைகரம்

மரியாதைக்குரிய கலைமணி மச்சான் அவர்களுக்கு,

புதுச்சத்திரம் லாரி பாடிப் பட்டறையிலிருந்து உங்கள் தங்கை சண்முகப்பிரியாவின் வீட்டுக்காரன் கதிர்வேல் வணங்கி எழுதுவது. சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆனால் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருப்பவரிடம், அந்தக் கட்டுக்குக் காரணமானவனே அப்படிக் கேட்டால் நன்றாக இருக்காது. அதனால் சூரமங்கலத்து வீட்டில் அக்காவாவது பிள்ளைகளாவது நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நாளைக்குக் கனிஷ்காவுக்கு ஜேடர்பாளையம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அவளுக்குத் தாய்மாமன் நீங்கள் ஒருத்தர்தான். வருவீர்களா, மாட்டீர்களா என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததில் உங்கள் மேல் துளி தப்பு இல்லை மச்சான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக நீங்கள் கேட்டது என்ன? ஒரு சதுரத்தை ஏழு துண்டாக வெட்டித் தர வேண்டும்: முக்கோணம் ஐந்து, சின்னச் சதுரம் ஒன்று, சாய்ந்த நாற்கோணம் ஒன்று. அதற்குப் பெயர் இணைகரம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதையெல்லாம் மாற்றி மாற்றி அடுக்கி வீடு, மீன், ஓடுகிற ஆள் என்று பிள்ளைகள் உருவம் செய்வார்கள், கணக்கு கையிலேயே வந்துவிடும் என்றீர்கள். "அட்டையே போதுமுங்க மாப்ள, மிஞ்சிப்போனா பிளைவுட்டு. கடைசி பெஞ்சுக்குத் தெரியோணும், பசங்க தூக்கோணும், அவ்வளவுதான்" என்று தெளிவாகத்தான் சொன்னீர்கள். என் பிட்டர் பிரபாவும் பிளைவுட் பலகையை எடுத்து வைத்துவிட்டான். நான்தான் கேட்கவில்லை. பிளைவுட்டு மழைக்கு ஊதும்டா, நம்ம பட்டறையில இருந்து போன சாமான் ஊதுச்சுன்னு பேரு வரலாமா என்று சொல்லி, லாரித் தளத்துக்குப் போடுகிற இரும்புத் தகட்டை எடுக்கச் சொன்னேன். பசங்க தூக்க வேண்டுமே என்று ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு கதவுக் கைப்பிடியை வைத்து வெல்டு அடித்தேன். பெயிண்டர் சடையனோ, மேல்பக்கம் பூராவும் தாமரையும் மயிலும் போட்டுவிட்டு, பின்பக்கம் சும்மா இருந்தால் அவனுக்குக் கை ஊறும் என்பதால், லாரிக்குப் பின்னால் எழுதுவதையெல்லாம் அங்கே எழுதிவிட்டான். ஏன் இவ்வளவும் செய்தேன் தெரியுமா மச்சான்? எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி இது. நீங்கள் கணக்கு வாத்தியார், நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் "அந்தப் பக்கம் மழையுங்களா மாப்ள" என்பதைத் தாண்டி நமக்குள் பேச்சு ஓடாது. கேட்டுட்டாருடா நம்மகிட்ட என்று தலைகால் புரியாமல் ஆடிவிட்டேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உங்கள் வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, ஏழையும் சதுரமாகச் சேர்த்தபோது ஒரு முடி நுழைய இடமில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய அதிகாரியம்மா ஒரு முக்கோணத்தைத் தட்டிக்கொடுத்து, காயாத பச்சைப் பெயிண்டைக் கை நிறைய வாங்கிக்கொண்டு, அதே கையால் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையையும் தட்டிக்கொடுத்தார். அதுவரைக்கும்கூட நான் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். அப்புறம் நீங்கள், "இதே ஏழையும் வெச்சு வாத்து செய்யலாமா சாமி" என்று பிள்ளைகளைக் கேட்டீர்கள். முக்கோணத்தையும் சதுரத்தையும் சுற்றிவிட்டாலே வேண்டிய பக்கம் வந்துவிடுமாம். இணைகரம் மட்டும் அப்படி மசியாதாம், சில உருவத்துக்கு அதைக் குப்புறக் கவிழ்த்தால்தான் பொருந்துமாம். இது எனக்கு எங்கே தெரியும்? நான் பட்டறையில் சேர்த்துப் பார்த்தது சதுரம் ஒன்றுதான். நீங்கள் கவிழ்த்தீர்கள். அது கைப்பிடி மேல் நின்று ஒரு ஆட்டம் ஆடி, மேசையை விட்டு வழுக்கி, நேராக உங்கள் வலது காலில் இறங்கியது. மேலே திரும்பிக் கிடந்த பின்பக்கத்தை முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள்: "இடைவெளி விட்டு வரவும்."

ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "நீங்க போயிட்டு வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்புறம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது, கணக்கு என்றாலே அழுகிற பிள்ளைகளை வருஷம் பூராவும் காகிதம் வெட்ட வைத்து, ஒட்ட வைத்து, தரையில் ஓடு பாவுகிற மாதிரி அடுக்க வைத்து, அந்த ஒரு நாளுக்காகப் பழக்கியிருந்தீர்களாம். அந்த வாத்து வாலில்லாமலேயே நின்றுபோனது. அதிகாரிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியேறினார்கள். உங்கள் கால் எலும்பு கூடிவிடும் மச்சான், அந்த வகுப்பை எவன் கூட்டித் தருவான்? அட்டையே போதும் என்று நீங்கள் சொன்ன ஒரே ஒரு சொல்லை நான் காதில் வாங்கியிருந்தால் போதும்.

வீட்டில் நிலவரம் அதைவிட மோசம். உங்கள் தங்கை என்னோடு பேசுவது நின்று, பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறாள். நேற்று நான் மெதுவாக, அண்ணனால வர முடியலீன்னா முறைக்கு வேற ஆளு யாராச்சும் உண்டா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எங்கண்ணன் மடியில உக்கார வெச்சுத்தான் எம்புள்ளைக்குக் காது குத்தோணும். அவரு வரலீன்னா அவ மூளிக் காதோடயே இருந்துட்டுப் போறா. உங்களுக்கு அவசரமா இருந்தா பட்டறையில ஒரு இரும்பு மாமன் செஞ்சு அது மடியில உக்கார வெச்சுக்கங்க" என்றாள். பக்கத்திலிருந்த கனிஷ்கா, "நான் மாமனோட நல்ல கால்ல உக்காந்துக்கறேன்னு சொல்லுங்கப்பா" என்றது. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது மச்சான், வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆகவே, நீங்கள் சீர் எதுவும் கொண்டுவர வேண்டாம், என்னோடு பேசக்கூட வேண்டாம். வந்து மடியை மட்டும் கொடுங்கள். இனி என் ஆயுசுக்கும் உங்களுக்காக நான் ஒரு ஆணியைக்கூட வளைக்கமாட்டேன். அந்தக் கோயில் சாமி மேல் சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்குக் கனிஷ்காவின் விசாரிப்பையும் சொல்லவும். எங்கள் மூன்று பேர் தலையிலும் உங்கள் கை எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்த்த முடியாத
கதிர்வேல்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் கொண்டுவரும் பிரபா வாசலில் சின்ன டெம்போவோடு நிற்பான். கட்டுப் போட்ட காலைக் காருக்குள் நீட்ட முடியாது என்று அக்கா சொன்னதால், வண்டித் தளத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி செய்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். வலது காலை நீட்டி வைக்கத் தனித் தாங்கி உண்டு, மேலே நிழலுக்குக் கூரை உண்டு. கோயிலில் அதை இறக்க நான்கு பேர் போதாது என்பதால், காதுகுத்தே வண்டி மேல்தான், ஆசாரியிடம் பேசியாயிற்று. எல்லாம் இரும்புதான் மச்சான், மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு என்ன தெரியும்? வண்டி காலியாகத் திரும்பி வரக்கூடாது என்று பிரபாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கோபம் தீரவில்லை என்றால் தீர்த்துக்கொண்டு வர வேண்டாம், அதோடயே ஏறி உக்காருங்க. தாங்கும்.