மாமனார் வீட்டுச் சீம்பாலை நான் அளந்த கதை

புதிதாகக் கல்யாணமானவனையும் புதிதாக எதையாவது படித்தவனையும் நம்பவே கூடாது. எழுபதுகளில் ஒருநாள் நான் இரண்டுமாக இருந்தேன்.

ஆறுமுகநேரி உப்பளத்தில் எனக்கு வேலை. பாத்தி நீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று, அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். (விருந்துக்குப் போனாலும் அதைப் பையில் எடுத்துப் போகும் அளவுக்குப் பெருமை.) அப்போதுதான் ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்தேன். பிறந்த கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி கிடையாதாம். தாயின் சீம்பாலிலிருந்துதான் அது வர வேண்டுமாம். அதுவும் சில மணி நேரத்துக்குள். பால் கெட்டியாக இருந்தால் சக்தி அதிகமாம். கெட்டியா? அளக்கத்தான் என்னிடம் கருவி இருக்கிறதே!

ஸ்ரீவைகுண்டத்தில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தபோது பசு கன்று போட்டது. தள்ளாடி எழுந்த கன்று மடியைத் தேடியது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

"மாமா, கன்ன விடாதீங்க. மொதல்ல பால் எப்படின்னு பாத்துருவோம். ஒரு சொட்டு விடாம கறங்க."

மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? மொத்தத்தையும் பித்தளைத் தவலையில் கறந்து வைத்தார். என்னோடு நேரில் பேசும் வழக்கமில்லாத மாமியார் பசுவிடம் சொன்னார்:

"ஏளா லெச்சுமி, ஒம் பாலு தேறுமான்னு பாக்கப் போறாவளாம்."

குழாயைக் கெத்தாக மேலிருந்து விட்டேன். உப்பு நீரில் பாதியில் நிற்கும் சாமான் அது. பால் அவ்வளவு கெட்டி இல்லை என்பது, அது அடியில் போய் 'ணங்' என்று இடித்தபோதுதான் உறைத்தது. பால் முழுக்கக் கண்ணாடிச் சில்லும் ஈயக்குண்டும். வடிகட்டிக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மடியும் காலி.

கன்று கத்தியது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. சில மணி நேரம், சில மணி நேரம் என்று நான் படித்ததே என்னை மிரட்டியது.

"கீழத்தெரு அண்ணாச்சி வீட்டுலயும் இன்னைக்குத்தான் கன்னு போட்டிருக்கு," என்றார் மாமனார்.

பட்டு வேட்டியோடு ஓடினேன். அங்கே அண்ணாச்சியின் மனைவி சீம்பாலைக் காய்ச்ச அடுப்பு மூட்டிவிட்டுக் கருப்பட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கருப்பட்டி போட்ராதீங்க!" என்று அலறினேன்.

விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு செம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

"கொண்டு போங்க மாப்ளே. இத அளக்காம ஊட்டணும், என்னா?"

பாலில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தேன். சப்பி இழுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்று பிழைத்தது.

மறுவருஷம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றேன். மாமியார் வெளியே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

"கையில ஒண்ணும் கொண்டு வரலியே? பிள்ள பால் குடிக்கி. நீங்க அங்கனயே நில்லுங்க."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்குப் பால் கொடுத்தாலும், முதலில் என் பக்கம் திரும்பி, "அங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.