மூங்கில் சாரின் நோட்டில் முப்பத்தெட்டாவது கேள்வி

அன்று நான் தலையை ஆட்டியது துணிச்சலாலா, அல்லது கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிச்சம் இல்லாததாலா? வருடங்கள் ஓடியும் எனக்கு விடை தெரியவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். டெல்லிக்கு வந்து சேர்ந்த அத்தனை மூங்கிலோடும் நேரடிப் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் மூங்கில் சார்தான். துவாரகா பகுதியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில், அவர் வீட்டு வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. திருநெல்வேலிக்காரர். ஏதோ அரசு நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மற்றவர்கள் கார் நிறுத்தும் இடத்தில் அவர் மூங்கில் நிறுத்தினார்.

நான் முதலில் பார்த்தபோது, ஒரு மூங்கிலை எவர்சில்வர் கரண்டியால் தட்டி, அதில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை நிலாவோடு நின்ற நான் பேசாமல் போயிருக்கலாம்.

"என்ன சார் பண்றீங்க?"

"சைக்கிள் செய்யுதேன்."

"சக்கரமும் மூங்கிலா?"

"இல்லம்மா. சக்கரம், செயின், பெடல் எல்லாம் கடைச் சரக்குதான். நடுவுல உள்ள இரும்புச் சட்டத்துக்குப் பதிலா மூங்கில். மூட்டுக்கு வெல்டிங் கிடையாது. சணலைப் பசையில முக்கிச் சுத்தணும். கரண்டே இல்லாத ஊர்லயும் பொம்பளையாளுக உக்காந்து செஞ்சிரலாம், கேட்டியளா?"

"உடையாதா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். 'ஒன்று: உடையுமா?' என்று எழுதி, நிமிர்ந்து, "வேற?" என்றார்.

என் வீட்டுக்காரர் என் இரண்டாவது கேள்விக்கே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். குழந்தை டாக்டர் மூன்றாவதில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். "வேற?" என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் இவர். விடுவேனா? மழையில் அழுகுமா, கரையான் அரிக்குமா, வெயிலில் வெடிக்குமா, குளிரில் பசை விட்டுப் போகுமா என்று அன்றைக்கே ஒன்பது ஆகிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், அவர் ஒவ்வொன்றையும் சோதித்தார்.

மழைக்கு, சொசைட்டிப் பூங்காவின் நீரூற்றுத் தொட்டி. திறப்பு விழாவுக்குப் பிறகு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சார் ரப்பர் குழாய் போட்டு நிரப்பி, சைக்கிள் சட்டத்தை இரண்டு வாரம் ஊற வைத்தார். நீரூற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று செயலாளருக்குப் பாராட்டு விழாவே நடந்தது.

கரையானுக்கு, வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க வீட்ல கரையான் இருக்கா?" என்று கேட்டார். எல்லோருக்கும் கோபம் வந்தது. கடைசியில் எங்கள் பரணில்தான் இருந்தது. ஒரு மாதம் வைத்து எடுத்தபோது, போராக்ஸ் தண்ணீரில் ஊறிய மூங்கிலில் ஒரு கீறல் இல்லை. பக்கத்திலிருந்த என் கல்யாணப் பெட்டியில்தான் அடிப்பலகை இல்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் வந்து நின்றார். "ஹீட்டர ஒரு நாலு மணி நேரம் குடுப்பியளா? சைக்கிளுக்குக் குளிருது."

அந்தக் குளிரில் பசை இறுகவில்லையாம். ஹீட்டர் சைக்கிளுக்குப் போயிற்று. நானும் நிலாவும் ரஜாய் போர்வைக்குள் போனோம்.

ஒருமுறை நீளமான மூங்கில்களோடு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் கேட்டார். "மூங்கில் மரமில்ல பையா, புல் சாதி. புல்லுக்கட்டுக்கு ஏது டிக்கெட்?" என்று இந்தியில் இவர் வாதாட, கண்டக்டர், "அச்சா, புல் வந்திருச்சு. எருமை எந்த ஸ்டாப்பில் ஏறும்?" என்று கேட்டாராம். சாரே சொல்லிச் சிரித்தார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று சாந்தி வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உத்தம் நகர்ச் சாலையோரம் மூங்கில் ஏணி கட்டி விற்பவள். தீபாவளிக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள், ஏணி பறக்கும். தீபாவளி முடிந்தால் ஏணியைத் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. ஒவ்வொரு வருடமும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுப் பீகாருக்கே திரும்பலாமா என்று கணக்குப் போடுவாள். அவள் ஏணியில் போட்ட கயிற்றுக் கட்டைப் பார்த்துவிட்டு, சார் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "என்னால இந்த இறுக்கம் கொண்டுவர முடியல" என்று அவளைக் கூட்டி வந்தார். அதன் பிறகு அவர் தட்டுவார், அவள் கட்டுவாள், நான் சந்தேகப்படுவேன்.

"தீதி இன்னிக்கு என்ன பயம் கொண்டுவந்திருக்கா?" என்பாள் சாந்தி, என்னைக் கண்டதும். நோட்டில் எண்ணிக்கை முப்பத்தேழைத் தொட்டது.

கிராமத்துச் சுகாதாரப் பணிப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் ஒரு அமைப்பிலிருந்து மேடம் ஒருவர் பார்க்க வந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், மூங்கில் விளையும் ஊரிலேயே பட்டறை. சாந்திதான் அங்கே கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் சாந்திக்கு ஊர், அவள் மகளுக்குப் பள்ளி கிடையாது.

மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பெண்கள் பின்னாடி குழந்தைய வெச்சுட்டுப் போவாங்க. மூங்கிலை நம்பி எந்த அம்மா வைப்பா?" என்று இந்தியில் கேட்டார்.

சார் நோட்டைத் திறந்து ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை வாசித்தார். மேடம் அசந்துபோய், "இவ்வளவும் யார் கேட்டது?" என்றார்.

சாந்தி என்னைக் காட்டினாள். "இந்த தீதிதான். பால் பாட்டிலை நாலு தடவை கொதிக்க வெப்பாங்க."

"அப்போ இவங்க தன் குழந்தைய உட்கார வெச்சா, எனக்குச் சம்மதம்."

"அது வேண்டாம் மேடம், அவுகள நெருக்கக்கூடாது. நான் உக்காருதேன்" என்றார் சார், தமிழிலேயே, பதற்றத்தில்.

சாந்தி என்னைப் பார்க்கவில்லை. பின்னால் குழந்தைக்கென்று பொருத்திய பிரம்பு இருக்கையின் வாரை மறுபடி இழுத்துப் பார்த்தாள். பசை பட்டுக் காய்ந்த அவள் விரல்களைப் பார்த்தபடி முப்பத்தெட்டாவது கேள்வியைத் தேடினேன். அகப்படவில்லை. தலையை ஆட்டினேன்.

முதல் சுற்று, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை. அது பத்திரமாகத் திரும்பியது. பிறகு, அப்போது இரண்டு வயதாகியிருந்த நிலாவை வாரால் கட்டி, அதன்மேல் என் துப்பட்டாவாலும் கட்டினேன். திருச்சியில் காலேஜ் படித்தபோது சைக்கிள் ஓட்டியது. நடப்பவர்கள் எங்களை முந்தும் வேகத்தில் மிதித்தேன். இடப்பக்கம் சார், வலப்பக்கம் சாந்தி, பின்னால் தலையணையோடு வாட்ச்மேன். தலையணை என் ஏற்பாடு.

நீரூற்றருகே, 'கீச்!'

எல்லோரும் உறைந்தோம். சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள். சார் தரையில் மண்டியிட்டு மூங்கிலில் காதை வைத்தார். மறுபடி, 'கீச்!'

அவர் நிமிர்ந்தார். "மூங்கில் வாயே திறக்கலம்மா. பிள்ளையோட செருப்புல்லா பேசுது!"

நிலா காலை உதறி இன்னொரு கீச் போட்டுக் கெக்கலித்தாள். மேடமும் சிரித்துவிட்டார். சம்மதக் கடிதம் அந்த மாதமே வந்தது.

அசாம் பக்கம் ஒரு கிராமத்துக்கு சாரும், சாந்தியும், அவள் மகளும் கிளம்பினார்கள். மகளுக்கு அங்கேயே பள்ளி. ரயிலேறும் முன் சார் அந்த முதல் சைக்கிளை எங்கள் பால்கனியில் சாய்த்துவிட்டு, "உங்க கேள்வியிலதான் இது நிக்கி. நீங்களே வெச்சுக்கிடுங்க" என்றார். நன்றி சொல்லத் தோன்றாமல், பசை சாப்பாட்டில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நிலாவுக்கு இப்போது ஏழு வயது. இந்த மே மாத அனல் காற்றில் சைக்கிள் சட்டத்தின் மேல்பக்க மூங்கிலில் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைபோல் வெடிப்பு விட்டிருக்கிறது. வெடிக்குமா என்று கேட்டவள் நான். வெடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்க மறந்திருக்கிறேன்.

கடிதம் போட்டேன். பதில் வந்தது: 'நல்ல கேள்வி. முப்பத்தெட்டாக எழுதிக்கொண்டேன். இங்கே எப்போதும் ஈரம், மூங்கில் வெடிக்கவே மாட்டேன் என்கிறது. சோதிக்க வழி தேடுகிறேன்.'

பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வாசகர்களில் அந்த யோசனை உள்ளவர்கள் தயவுசெய்து தபால்தலையை வீணாக்க வேண்டாம். மற்றவர்கள் எழுதுங்கள். எண்ணெய் தடவலாமா? ஈரச் சாக்கைச் சுற்றலாமா? சணலால் நானே கட்டிப் பார்க்கலாமா? சார் என்றைக்காவது வந்தால், என்னை நலம் விசாரிப்பதற்கு முன் பால்கனிக்குப் போய்க் கரண்டியால் அதைத்தான் தட்டிப் பார்ப்பார். அப்போது அது அவரிடம் நல்லபடியாகப் பேச வேண்டும். அதற்கு நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.