ஓம்டாட்

"நான் குடிக்கிறேன் டீ" என்றான் ராஜாங்கம்.

"குடிங்க. யாரு வேணாங்கறது?" என்றாள் மனைவி பூங்கோதை.

"இன்னைக்குப் போறேன் நான் கம்பெனிக்குச் சீக்கிரம்."

பூங்கோதை கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள்.

ராஜாங்கம் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கிளார்க். ஹாலந்திலிருந்து ஓர் அம்மாள் கோப்பை பார்க்க வருகிறாள் என்றதும், "எனக்கு டச்சு தெரியும்" என்று முதலாளி அம்சவல்லியிடம் அளந்துவிட்டான்.

"நல்லா பேசிட்டீங்கன்னா ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு நீங்கதான். இல்லன்னா சேல்ஸ் பிரபாகரன் போவட்டும்" என்று சொல்லிவிட்டார் அவர்.

பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த டச்சு இலக்கணம் மிரட்டியது. வினைச்சொல் இரண்டாவதாக நிற்க வேண்டுமாம். 'இன்றைக்கு' முன்னால் வந்தால் 'நான்' வினைக்குப் பின்னால் ஓட வேண்டுமாம். நாக்கு பழகட்டும் என்று தமிழையே அப்படிப் பேசினான்.

"நீங்க தொறக்கணும் சூளையை..." என்று சூளை பார்க்கும் கொளஞ்சியிடம் ஆரம்பித்தான். "...நாளைக்கு" என்று முடிப்பதற்குள் கொளஞ்சி ஓடிப்போய்ச் சூட்டோடு திறந்துவிட, அந்த அம்மாளுக்கென்று சுட்ட அறுபது கோப்பைகளும் டப் டப்பென்று விரிசல் விட்டன.

"நாளைக்குங்கறத கடைசியில சொன்னா எவன் சார் நின்னு கேப்பான்?" என்றார் கொளஞ்சி.

ராஜாங்கம் பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினான். கண்டுகொண்டான்! 'ஓம்டாட்', அதாவது 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போய்விடும். அச்சு அசல் தமிழ்! இனி எல்லா வாக்கியத்துக்கும் ஓம்டாட்தான்.

"என்னங்க, தூக்கத்துலகூட ஓம் ஓம்னு? சாமியாராப் போறீங்களா?" என்று பூங்கோதை அழுதாள்.

அம்மாள் காரில் வந்து இறங்கினாள். ராஜாங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொழிந்தான்.

"ஓம்டாட் வெய் கோப்யஸ் மாகன்!" ஏனென்றால் நாங்கள் கோப்பைகள் செய்கிறோம்.

அவள் மேற்கொண்டு என்ன என்று பார்த்தாள்.

"ஓம்டாட் த க்லேய் கூத் இஸ்!" ஏனென்றால் களிமண் நல்லது.

காரணங்கள் கொட்டின, விஷயம் மட்டும் வரவில்லை. ஆனால் அம்மாளின் கண்கள் விரிந்தன. நோட்டை எடுத்து மளமளவென்று எழுதினாள். அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினாள்.

"அசத்திட்டீங்க ராஜாங்கம்! பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க" என்றார் அம்சவல்லி.

அப்போது அம்மாளின் டிரைவர் ஜெயராஜ் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"அம்மாவுக்கு ஒரே சந்தோஷங்க. 'விருத்தாசலத்துத் தமிழ்ல இத்தினி டச்சு வார்த்தை கலந்திருக்குதே'ன்னு ஆச்சரியப்படறாங்க. அடுத்த தடவ, டச்சு தெரிஞ்ச ஆளு ஒருத்தர வச்சிருப்பீங்களான்னு கேக்கச் சொன்னாங்க!"